வாப்பிட்டிக்கு ஒரு பி.ஓ.எச்.

திருச்சியில் மாடல் விமானம் கட்டுகிறவனுக்கு முதல் எதிரி மின்விசிறி. சித்திரை வைகாசியில் ஃபேன் போடாமல் தென்னூரில் உட்கார முடியாது. போட்டாலோ, பால்சா மரச் சீவல், டிஷ்யூ காகிதம், விரல் நகம் அளவே உள்ள வால் துடுப்பு எல்லாம் மேலெழும்பி, கூடத்தை ஒரு சுற்று சுற்றி, சோபாவுக்கு அடியில் போய் இறங்கும். நான் செய்த பாகங்களில் நன்றாகப் பறந்தவை ஒட்டுவதற்கு முன்னால் பறந்தவைதான். ஆடி பிறந்துவிட்டால் ஃபேன் வேண்டாம். அந்த வேலையைக் காவிரிக் காற்று பார்த்துக்கொள்ளும்.

நான் எடுத்துக்கொண்டது வெஸ்ட்லேண்ட் வாப்பிட்டி. இந்திய விமானப்படையின் முதல் விமானம், இரட்டை இறக்கை அடுக்கு, இரண்டு இருக்கை. படை சட்டப்படி பிறந்தது 1932 அக்டோபர் 8. முதல் ஸ்குவாட்ரன் நான்கு வாப்பிட்டிகளோடு கராச்சி டிரிக் ரோட்டில் தொடங்கியது 1933 ஏப்ரல் 1. முட்டாள்கள் தினத்திலா என்று என் சித்தப்பா சிரித்தார். நிதியாண்டு தொடங்கும் நாளும் அதுதானே. கணக்குப் பார்க்கிற வெள்ளைக்கார சர்க்கார் வேறு எந்த நாளில் கடை திறக்கும்? கிரான்வெல்லில் பயிற்சி பெற்ற ஐந்து இந்தியர்கள் விமானிகள். அவர்களில் சுப்ரதோ முகர்ஜி 1954-ல் விமானப்படையின் முதல் இந்தியத் தளபதி ஆனார். கூடப் போன டாண்டனுக்கு மட்டும் உயரம் போதவில்லை என்று கிடங்குப் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள். விமானப் படையிலும் ஒருவர் ஸ்டோர் கீப்பராகத்தான் வேண்டியிருக்கிறது.

“இது சண்டை விமானமா?” என்பது சித்தப்பாவின் அடுத்த கேள்வி. முன்னால் ஒரு விக்கர்ஸ் துப்பாக்கி, பின்னால் நின்றுகொண்டு சுட ஒரு லூயிஸ் துப்பாக்கி, இறக்கைக்கு அடியில் சில குண்டுகள். வேகம் மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். “அவ்வளவுதானா? நம்ம ஊர் ஆம்னி பஸ்காரன் விக்கிரவாண்டிக்குள்ள ஓவர்டேக் எடுத்துருவானே” என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் இந்த விமானத்தை நான் தேர்ந்தெடுத்ததற்கு வேகம் காரணமில்லை, கஞ்சத்தனம்தான் காரணம். முதல் உலகப்போர் முடிந்த பிறகு பிரிட்டிஷ் கிடங்குகளில் டி.எச்.9ஏ விமானத்தின் உதிரிப் பாகங்கள் குவிந்து கிடந்தன. 1926-ல் அந்த நாட்டு விமான அமைச்சகம், அதற்குப் பதில் புது விமானம் வேண்டும் என்றது. கூடவே ஒரு நிபந்தனை: பழைய பாகங்களை முடிந்த மட்டும் அதிலேயே போட்டுத் தீர்க்க வேண்டும். வெஸ்ட்லேண்ட் கம்பெனி 9ஏ இறக்கைகளை எடுத்து, புது உடம்பில் மாட்டி, மூக்கில் பிரிஸ்டல் ஜூபிடர் எஞ்சினை வைத்தது. 1927-ல் பறந்துவிட்டது. ராத்திரி மிஞ்சிய இட்லி காலையில் உப்புமாவாகிற கதை. இப்படிப் பிறந்த விமானத்தைக் காசு கொட்டி வெளிநாட்டுப் பெட்டி வாங்கிக் கட்டினால் அதற்கே அவமானம். வீட்டில் மிஞ்சியதை வைத்தே கட்டுவது என்று முடிவு செய்தேன்.

அளவு நாற்பத்தெட்டில் ஒன்று. நிஜ வாப்பிட்டியின் இறக்கை வீச்சு 46 அடி 5 அங்குலம். என்னுடையது பள்ளிக்கூட ஸ்கேலுக்குக் கொஞ்சம் குறைவு. மேல் இறக்கையையும் கீழ் இறக்கையையும் தாங்கும் கால்களுக்கு ஈர்க்குச்சி. பக்கத்துக்கு நாலு, நடுவில் நாலு, அதோடு நான் உடைத்தவை.

“என்னங்க, விளக்குமாறு நாளுக்கு நாள் இளைச்சுக்கிட்டே போகுதே?”

“கரையானா இருக்கும்.”

உழவர் சந்தை வாசலில் புது விளக்குமாறு வாங்கிக் கொடுத்து அந்த விசாரணையை முடித்தேன்.

எஞ்சின்தான் அழகு. ஜூபிடருக்கு வட்டமாக ஒன்பது சிலிண்டர்கள். காற்றே குளிர்விக்கும் எஞ்சின் என்பதால் ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய தகட்டு வரிகள் அடுக்கடுக்காக இருக்கும். தீர்ந்துபோன பால்பாயின்ட் ரீஃபிலைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, அதன் மேல் செம்புக் கம்பியை இடைவெளி இல்லாமல் சுற்றினால் அந்த வரிகள் அப்படியே வந்துவிடும். கம்பி எங்கே கிடைத்தது? ஃபேனுக்குக் காயில் கட்டும் கடையில், எரிந்துபோன மோட்டாரிலிருந்து அவிழ்த்துப் போட்ட குப்பை. எதிரியின் குடலை உருவி எஞ்சின் செய்ததில் எனக்கு ஏற்பட்ட திருப்தியை இங்கே எழுத முடியாது.

அடுத்தது இழுகம்பி. இரட்டை இறக்கை விமானத்தில் ஜீவனே அதில்தான். பறக்கும்போது இறக்கை மேலே மடங்காமல் ஒரு ஜோடி இழுத்துப் பிடிக்கும். தரையில் நிற்கும்போது கீழே தொங்காமல் எதிர்ப்பக்கமாக இன்னொரு ஜோடி பிடிக்கும். அதனால்தான் கால்களுக்கு நடுவே பெருக்கல் குறி. தையல் நூல் போட்டால் பிசிறு தெரியும். இந்த அளவில் பிசிறெல்லாம் தாம்புக் கயிறு. மெல்லிய தூண்டில் நரம்புதான் சரி. கட்டியதும் தொய்வாகத்தான் இருக்கும். பற்றவைத்த ஊதுவத்தியைத் தொடாமல் அருகே கொண்டுபோனால் நரம்பு சூட்டில் சுருங்கி விண்ணென்று நிற்கும். தொட்டால் அறுந்துவிடும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு விமானத்துக்கு ஊதுவத்தி காட்டுவதைப் பார்த்த மாமியார், இரண்டு தெருவுக்கு “மாப்பிள்ளைக்குப் பக்தி வந்துருச்சு” என்று சொல்லி வைத்துவிட்டார்.

கேட்டுக்கு அடித்து மிஞ்சிய அலுமினியப் பெயிண்ட் பூசினேன். நிஜ விமானத்துக்கும் துணி இறக்கை வெயிலில் கெடாமலிருக்க அலுமினியப் பொடி கலந்த பூச்சுதான். எங்கள் வீட்டுக் கேட்டும் ராயல் விமானப்படையும் ஒரே நிறம்.

பிறகு உறவினர் வீட்டுப் பையன் ஒருவன் வந்தான். விமானம் என்றால் பறக்கும் என்று ஏழு வயதில் நம்புவது நியாயம்தான். மொட்டை மாடியிலிருந்து வாப்பிட்டி கிளம்பியது, முருங்கை மரத்தில் ஒருமுறை நின்றது, துணி துவைக்கிற கல்லில் இறங்கியது. “ஃபெவிக்விக் போட்டா சரியாப்போயிடும்” என்று பையனின் அம்மா ஆறுதல் சொன்னார்.

அப்போதுதான் மாமனார் உள்ளே வந்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். “ஒட்டாதீங்க மாப்பிள்ளை. மொதல்ல பிரிங்க. பி.ஓ.எச். போட்டுருவோம்.” ரயில் பெட்டியைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை முழுதாகக் கழற்றிப் பூட்டும் வேலைக்குப் பணிமனையில் அதுதான் பெயர். என் டிபன் தட்டுகளெல்லாம் பறிமுதலாயின. ஒவ்வொரு ஈர்க்குச்சிக்கும் ஒரு சீட்டு, சீட்டில் ஒரு எண், எண்ணுக்கு ஒரு நோட்டு. முறிந்த கால் மாற்றப்பட்டது. கீறல் மட்டும் விழுந்த கால் திரும்ப வேலைக்குப் போனது. மேல் இறக்கையில் போட்ட ஒட்டு தெரியாமல் பெயிண்ட் அடிக்கலாம் என்றேன். “எதுக்கு மறைக்கணும்? அடுத்து பிரிக்கிறவனுக்கு எங்க அடிபட்டதுன்னு தெரிய வேணாமா?” பழையதைப் புதுப்பிக்கிற விஷயத்தில் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் முடிந்ததும் பெட்டிகளின் ஓரத்தில் எழுதுகிற மாதிரியே, கீழ் இறக்கையின் அடியில் பி.ஓ.எச்., ஜி.ஓ.சி., தேதி என்று பொடி எழுத்தில் எழுதிவிட்டார். ஜி.ஓ.சி. என்பது பொன்மலையின் ரயில்வே குறியீடு. உலகத்தில் எந்த வாப்பிட்டிக்கும் இந்தப் பெருமை கிடையாது.

“இது நம்ம பக்கம் வந்திருக்கா?” என்று கேட்டார். வந்திருக்கிறது. இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் துறைமுக நகரங்களில் கரையோரக் காவல் பிரிவுகளை ஏற்படுத்தினார்கள். முதல் பிரிவு பரங்கிமலையில். அதற்குக் கிடைத்தது இதே வாப்பிட்டி. தொண்டர் படையில் சேர்ந்த விமானிகள் இதில் ஏறி வங்கக் கடலில் கப்பல் தேடினார்கள். 1933 ஏப்ரல் 3-ல் எவரெஸ்ட்டுக்கு மேல் முதன்முதலாகப் பறந்த இரண்டு விமானங்களில் ஒன்று இதன் தம்பி முறை என்றேன். அதற்கெல்லாம் அவர் அசையவில்லை. 1942 டிசம்பர் 1-ல் நம் திருச்சியிலேயே ஆறாவது ஸ்குவாட்ரன் தொடங்கியது, தலைவர் மெஹர் சிங், விமானம் ஹரிக்கேன் என்றதும்தான் நிமிர்ந்தார். “அப்ப அதையில்ல மாப்பிள்ளை கட்டியிருக்கணும்!” ஹரிக்கேனுக்கு ஒற்றை இறக்கை, பெருக்கல் குறி இல்லை, ஈர்க்குச்சி வேண்டாம். மனைவியும் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டாள்.

ஐந்நூறுக்கும் மேல் செய்த வாப்பிட்டிகளில் முழுசாக மிஞ்சியது ஒன்றே ஒன்று. அது செய்த நாட்டில் இல்லை. டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. உப்புமாவை எடுத்து வைத்தவர்கள் நாம். டெல்லிக்குப் போனால் செங்கோட்டையைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு அதையும் பாருங்கள். இன்னொன்று: பரங்கிமலையில் அந்தப் பிரிவில் வேலை பார்த்தவர் உங்கள் குடும்பத்தில் யாராவது இருந்தால், டிரங்குப் பெட்டியில் புகைப்படம் கிடக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால், வாலில் எழுதியிருக்கும் எண்ணை எனக்குச் சொல்லுங்கள். என் விமானத்தின் வாலை இன்னும் காலியாகத்தான் விட்டிருக்கிறேன்; மாமனார் அங்கே கோச் நம்பர் எழுதப் பார்க்கிறார்.