ஒரு வருஷம்தானே!

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் தருமபுரி பேருந்து நிலையத்து டீக்கடையில் நின்று பாருங்கள். தக்காளி விலை பேச ஆளிருக்காது, மாங்காய் விலை பேச ஆளிருக்காது. எல்லார் வாயிலும் மதிப்பெண்தான். எனக்கு வந்து குவிந்திருக்கும் கடிதங்களும் அப்படியே. சுற்றி வளைத்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: இப்போதே கல்லூரியில் சேர்வதா, ஒரு வருஷம் நின்று இன்னும் நல்ல இடத்துக்கு முயல்வதா? அதனால் இந்த இதழில் சினிமாக் கேள்விகளுக்கு விடுமுறை.

கேள்வி: ஐயா, என் பொறியியல் கட்-ஆஃப் 158. செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி வீட்டுக்குப் பக்கம். ஆனால் எனக்குப் பிடித்த பிரிவு கிடைக்காது போலிருக்கிறது. ஒரு வருஷம் வீட்டிலிருந்து படித்துவிட்டு அடுத்த வருஷம் கலந்தாய்வுக்குப் போகலாமா?
*மாணவர், நல்லம்பள்ளி*

படித்துவிட்டு என்கிறீர்களே தம்பி, எதைப் படித்துவிட்டு? உங்கள் கட்-ஆஃப் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குப் போட்ட கணக்கு. நம்மூர்க் கிணற்றில் தண்ணீராவது ஒரு மழைக்கு ஏறும். அச்சாகிவிட்ட மதிப்பெண் எந்த மழைக்கும் ஏறாது. இன்றைய 158 அடுத்த மே மாதமும் 158தான்.

ஒரு காலத்தில் ஏறியது. பிளஸ் டூ பாடங்களைத் திரும்ப எழுதி மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ளும் ‘இம்ப்ரூவ்மென்ட்’ இருந்தது. அதற்கென்றே தனி வகுப்பு நடத்திய பள்ளிகள் நாமக்கல் பக்கம் உண்டு. நானும் ஒரு வருஷம் நின்று எழுதியவன். உயிரியலில் ஏறியது, இயற்பியலில் இறங்கியது, கூட்டிக் கழித்தால் கையில் நின்றது நான்கு மதிப்பெண். அந்த நான்கு மதிப்பெண்ணுக்காக என் அப்பா விற்ற கறவை மாட்டின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. 2005இல் அந்த முறையை நிறுத்த அரசு ஆணை போட்டு, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. இன்று பொறியியல் கலந்தாய்வைப் பொறுத்தவரை இம்ப்ரூவ்மென்ட் காலம் மலையேறிவிட்டது. வீட்டில் யாராவது ‘நின்னு எழுதுடா’ என்று சொல்லியிருந்தால், அதை நினைத்துத்தான் சொல்லியிருப்பார். சொன்னவர் மீது தவறில்லை, காலம் மாறிவிட்டது.

மனதில் ஜேஇஇ இருந்தால் பேச்சு வேறு. பிளஸ் டூ முடித்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் ஜேஇஇ மெயின் எழுதலாம். அட்வான்ஸ்டு தேர்வுக்கு அடுத்தடுத்த இரண்டே ஆண்டுகள். அப்படியொரு தேர்வு இருந்து, அதற்கான படிப்பும் பாதி முடிந்திருந்தால் நிற்பதற்கு அர்த்தம் உண்டு. வெறுமனே கலந்தாய்வுக்காக நிற்பது, பேருந்து போன பிறகு அதே நிறுத்தத்தில் அதே டிக்கெட்டோடு நிற்பது.

இன்னொன்று. ‘பிடித்த பிரிவு கிடைக்காது’ என்கிறீர்கள். கிடைக்கிற பிரிவில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று யாரிடமாவது கேட்டீர்களா? ஒரு நாள் காலை செட்டிக்கரைக்குப் போய், அந்தப் பிரிவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு அண்ணனைப் பிடித்து அரைமணி நேரம் பேசுங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: ஒரு பாடத்தில் போய்விட்டது. ஒரு வருஷம் போச்சா?
*மாணவர், பென்னாகரம்*

ஒரு மாதம்தான் போச்சு. துணைத் தேர்வு இந்தக் கோடையிலேயே வருகிறது. தேறினால் இந்த ஆண்டே கல்லூரி. இதழை மடித்து வைத்துவிட்டு இன்றைக்கே பள்ளிக்குப் போய் விண்ணப்பத் தேதியைக் கேளுங்கள். ஒகேனக்கல் பயணத்தை ஜூலைக்குத் தள்ளுங்கள், அருவி எங்கும் போகாது.

கேள்வி: ஐயா, நான் பட்டுப்புழு வளர்க்கும் விவசாயி. மகன் ஆறாவது முதல் அரசுப் பள்ளிதான். நீட் முதல் முறை எழுதி எதிர்பார்த்தது வரவில்லை. இன்னொரு வருஷம் பயிற்சிக்குப் போகிறேன் என்கிறான். ‘ஒரு வருஷம்தானே’ என்கிறான். உறவுக்காரர்கள் கேலி பேசுகிறார்கள். அனுப்பலாமா?
*ஒரு தந்தை, பாலக்கோடு வட்டம்*

இதற்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், உட்காருங்கள்.

முதலில் கேலிக்குப் பதில். இரண்டாம் முறை எழுதுவது தோற்றவன் செய்கிற வேலை என்று உறவுக்காரர்கள் நினைத்தால், நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கையைச் சொல்லுங்கள். நீட் கட்டாயமாவதற்கு முன், 2016-17இல், தமிழ்நாட்டில் மருத்துவம் சேர்ந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 12 பேர்தான் ஓராண்டு நின்று வந்தவர்கள். 2020-21இல் அது சுமார் 71. இப்படி ஆனது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வருஷம் என்பது ஒரு செலவு. உங்கள் வீட்டுக்கு அது இரண்டு பயிர். ஆனால் விதி அப்படி இருக்கும்போது, உங்கள் மகன் கேட்பது விபரீதமான ஆசை அல்ல. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அவனுக்கு உண்டு. ஒரு வருஷம் நின்றால் அந்த உரிமை போய்விடாது.

அடுத்து, நிற்கலாமா என்பதை மகனின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவன் விடைத்தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 180 கேள்வி, சரிக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிவு. அதில் 90 கேள்வி உயிரியல், அதாவது 720இல் 360. விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு அவனையே ஒரு பழைய நோட்டில் மூன்று பத்தி போடச் சொல்லுங்கள்: தெரியாமல் விட்டது, தெரிந்தும் தவறவிட்டது, குத்துமதிப்பாகப் போட்டு மைனஸ் வாங்கியது. பின் இரண்டும் கனமாக இருந்தால் ஒரு வருஷத்தில் ஏற இடமிருக்கிறது. இயற்பியல் முழுக்க முதல் பத்தியில் கிடந்தால், எதை எப்படிச் சரிசெய்வான் என்று அவன் வாயால் சொல்லட்டும். பிறகு மருத்துவத் தேர்வுக்குழு வெளியிட்ட 7.5 விழுக்காட்டுத் தரவரிசையைப் பார்த்து, கடைசியாக இடம் கிடைத்தவரின் மதிப்பெண்ணுக்கும் இவனுக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது விஷயம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். புழு நாலு முறை தோலுரிக்கும். இலை தின்னும்போது மழை பெய்கிற மாதிரிச் சத்தம் கேட்கிற ஷெட், அன்றைக்கு மட்டும் அடங்கிப்போகும். புழு தின்னாது, அசையாது, தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். தெரியாதவன் பார்த்தால் சோம்பேறிப் புழு என்பான். நீங்கள் இலை போடமாட்டீர்கள், தொந்தரவு செய்யமாட்டீர்கள், மற்றவர்களையும் கிட்டே விடமாட்டீர்கள். மகனுக்கு இந்த வருஷம் நீங்கள் செய்ய வேண்டியதும் அதுவே. கல்யாண வீட்டில் ‘என்னப்பா, இன்னும் சும்மாதான் இருக்கியா?’ என்று கேட்பவரை அவன் கிட்டே விடாதீர்கள். அதே சமயம், ஒரு நாளில் எழ வேண்டிய புழு மூன்று நாளாகியும் எழவில்லையென்றால் உங்களுக்குத் தூக்கம் வருமா? மகனோடு உட்கார்ந்து இப்போதே ஒரு தேதி பேசுங்கள். ஜனவரிக்குள் மாதிரித் தேர்வில் இத்தனை வரவேண்டும், வராவிட்டால் நீட் எழுதுவதோடு மற்ற படிப்புகளுக்கும் விண்ணப்பம் போடுவோம் என்று.

மற்ற படிப்பு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். வேளாண்மைக்கு பிளஸ் டூ மதிப்பெண் போதும், நீட் வேண்டியதில்லை. 2021 முதல் 7.5 விழுக்காடு அங்கேயும் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மேட்டுப்பாளையம் வளாகத்தில் பட்டு வளர்ப்புக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. மல்பெரித் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அங்கே பாதிப் பாடம் தெரிந்த பாடம்.

பயிற்சி மையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. என் அக்கா மகன் சேர்ந்த ஒரு மையத்தில் முழுக் கட்டணத்தையும் முதல் நாளே வாங்கிக்கொண்டார்கள். ரிப்பீட்டர் பேட்சுக்கு நல்ல ஆசிரியர்கள் என்றார்கள், தீபாவளிக்குள் மூன்று பேர் மாறிவிட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். எனவே ரசீதின் பின்பக்கத்தை முதலில் படியுங்கள். தவணை கேளுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் போட்டோக்களில் எத்தனை பேர் தமிழ் வழியில் படித்தவர்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: ஐயா, நானும் நீட் ரிப்பீட் பண்ண நினைக்கிறேன். வீட்டிலிருந்தே படிக்கிறேன் என்றேன். அப்பா சரி என்றுவிட்டார். ஆனால் போன வாரம் இரண்டு பேர் வந்து ஜாதகம் கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.
*மாணவி, காரிமங்கலம் பக்கம்*

கண்ணு, உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். மேலே ஒரு பையனுக்கு நிற்கலாம் என்று எழுதியவன் உனக்கு வேறு பதில் சொல்கிறேன். நீ இந்த ஆண்டே கல்லூரியில் சேர்.

உனக்குத் திறமை குறைவு என்பதால் சொல்லவில்லை. நம் மாவட்டத்தில் பையன் வீட்டில் இருந்தால் ‘படிக்கிறான்’ என்பார்கள். பெண் வீட்டில் இருந்தால் ‘சும்மா இருக்கா’ என்பார்கள். காலையில் தண்ணீர் பிடிக்க, மதியம் புளி தட்ட, சாயங்காலம் தம்பியைப் பார்க்க என்று அந்த வருஷத்தை ஆளாளுக்குப் பிய்த்து எடுத்துக்கொள்வார்கள். மீதியைத் தரகர் எடுத்துக்கொள்வார். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே கடைசியில் நின்ற மாவட்டம் நம்முடையது, 68.5 விழுக்காடு. பெண் பிள்ளைகளை இப்படி வீட்டோடு நிறுத்தியதற்கு அதில் பெரிய பங்குண்டு என்று நான் நினைக்கிறேன்.

கல்லூரி அடையாள அட்டை கழுத்தில் இருந்தால் ‘சும்மா இருக்கா’ என்று ஒருவரும் சொல்ல முடியாது. காரிமங்கலத்திலேயே பெண்களுக்கான அரசுக் கல்லூரி இருக்கிறது. விலங்கியலோ தாவரவியலோ வேதியியலோ கிடைத்தால் சேர். ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் கணக்குக்கு வரும். அந்தத் திட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் பெண்ணின் கல்யாணத்துக்கு உதவியாகக் கொடுத்துக்கொண்டிருந்த பணத்தைத்தான் 2022இல் பெண்ணின் படிப்புக்கு என்று மாற்றினார்கள். உன் வீட்டில் இப்போது நடக்கும் வாதத்தில் அரசாங்கம் உன் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது என்று அப்பாவிடம் சொல்.

நீட்டை விட வேண்டியதில்லை. கல்லூரியில் படித்துக்கொண்டே மே மாதம் எழுது. வயது உச்சவரம்பு இல்லை, இத்தனை முறைதான் என்ற கணக்கும் இல்லை. இடம் கிடைத்தால் டிசி வாங்கிக்கொண்டு கிளம்பு. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று யூஜிசி 2018இலேயே சொல்லியிருக்கிறது. இருந்தாலும் எல்லாவற்றையும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து, ஒரு செட்டை உன் டீச்சர் வீட்டில் கொடுத்து வை.

உனக்கு இன்னும் 18 ஆகவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஜாதகம் கேட்டவர்கள் நாள் குறிக்கும் அளவுக்குப் போனால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு ஒரு போன் செய். செலவில்லை, இரவிலும் எடுப்பார்கள். அப்பாவைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்காதே. ‘சரி’ என்று உன்னிடம் ஒருமுறை சொன்ன மனிதர் அவர். ஊர் வாய்க்குப் பயந்து தடுமாறும்போது அவருக்கும் ஒரு காரணம் தேவைப்படும், சட்டம் அந்தக் காரணத்தைக் கொடுக்கும்.

கேள்வி: சார், எனக்கு 36 வயது. பத்தாவது படித்துக் கல்யாணமானவள். மகள் இப்போது பிளஸ் டூ. நானும் படிக்க வேண்டும். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக டிகிரி சேரலாம், மூன்று வருஷத்தில் முடித்து அரசு வேலைக்குப் போகலாம் என்கிறார் ஒருவர். சேரட்டுமா?
*இல்லத்தரசி, அரூர்*

நீங்கள் சேர வேண்டாம், அம்மா. உங்களுக்குத்தான் நான் ‘பொறுங்கள்’ என்று சொல்கிறேன், ஏற்கெனவே இருபது வருஷம் பொறுத்தவரிடம் இப்படிச் சொல்ல மனசு வலிக்கிறது.

பத்தாவது, அதன்பின் பன்னிரண்டாவது, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் வராத திறந்தநிலைப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009இல் தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. அரசாணை எண் 107. பட்டம் கையில் இருந்தும் இந்த ஒரு படி இல்லாமல் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்களிடம் சொன்னவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். நீங்கள் தெரிந்துகொண்டு படியேறுங்கள்.

எனவே முதலில் தனித்தேர்வராக மேல்நிலைத் தேர்வு. அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் விண்ணப்ப விவரம் கேளுங்கள். செய்முறைத் தேர்வு இல்லாத பாடங்களாக எடுங்கள்: வரலாறு, பொருளியல், வணிகவியல் மாதிரி. அது முடிந்ததும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உங்களுக்காகக் காத்திருக்கும். நடுவில் பத்தாவது தகுதிக்கு வரும் குரூப் 4 தேர்வையும் விட்டுவிடாதீர்கள், அதற்கு உங்கள் படிப்பு இன்றைக்கே போதும்; வயது வரம்பை மட்டும் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள் எந்தப் பிரிவு என்று எழுதவில்லையே? எதுவானாலும் தமிழும் ஆங்கிலமும் உங்கள் இருவருக்கும் ஒன்றுதான். அவள் பிளஸ் ஒன், பிளஸ் டூ புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.