பக்கத்திலேயே ஒரு கிராண்ட் கேன்யன்

கோடை விடுமுறைக்கு உத்திரமேரூர்க்காரர்கள் குடும்பத்தோடு அரிசோனாவுக்குப் போக நினைப்பது வீண்செலவு. விசா, விமானம், டாலர் எதற்கு? பைக்கிலேயே திருமுக்கூடல் போகலாம். பாலாறு, செய்யாறு, வேகவதி கூடுமிடம். ஆண்டில் பெரும்பகுதி தண்ணீர்த் தொல்லை கிடையாது, பாலைவனம் தயார்.

பள்ளத்தாக்கு? கொலராடோ ஆறு அதைத் தோண்ட 50, 60 லட்சம் ஆண்டு எடுத்துக்கொண்டது. சோம்பேறி ஆறு! நாம் ஆற்றை நம்பாமல் பொக்லைனை நம்பினோம். ராத்திரியோடு ராத்திரியாக வேலை முடிகிறது. அமெரிக்கர்கள் 1919-இல் தேசியப் பூங்கா என்று அறிவித்து, ஒரு கல்லைக்கூட எடுக்காதே என்கிறார்கள். வளர்ச்சிக்கு விரோதிகள். நம்முடையதோ வருஷத்துக்கு வருஷம் ஆழமாகிறது. போன கோடையில் பார்த்தவர்களும் மறுபடி பார்க்கலாம்.

ஒரே எச்சரிக்கை. போகிற வழியில் பிள்ளைகளை வைகுண்டப் பெருமாள் கோயில் பக்கம் கூட்டிப்போகாதீர்கள். அந்தப் பூங்காவுக்குச் சரியாக 1000 ஆண்டு முன்பு, 919-இலும் பிறகு 921-இலும், பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் குடவோலையில் நிற்கக்கூடாது என்று எழுதியிருக்கிறது. பிள்ளைகள் வாசித்துவிட்டு, இப்போது யார் யார் என்று பெயர் கேட்பார்கள்.