களரி சார்

திருவனந்தபுரத்தில் நாடகம் எழுதக் கற்றுத்தரும் முகாம் எங்கே நடந்தாலும் முன்வரிசையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். இடம் நந்தாவனத்து வைலோப்பிள்ளி சம்ஸ்கிருதி பவனாக இருக்கலாம், தைக்காட்டு பாரத் பவனாக இருக்கலாம், ஏதோ ஒரு வாசகசாலையின் ஓடு போட்ட மாடியாகவும் இருக்கலாம். கதர் ஜிப்பா, ஒற்றை வேட்டி, தோளில் ஜோல்னாப் பை, மழை இல்லாத நாளிலும் கையில் குடை. பைக்குள் நாடா போட்டுக் கட்டிய கோப்பு ஒன்று. அதுதான் நாடகம்.

அவர் ஓய்வுபெற்ற அண்டர் செக்ரட்டரி. அல்லது ஏஜீஸ் ஆபீஸ் ஆடிட்டர். மின்வாரியமாகவும் இருக்கலாம். இந்த ஊரில் தெருவுக்கு ஒருவர் உண்டு என்பதால் பெயர் சொல்லி எவரையும் புண்படுத்தத் தேவையில்லை. வகுப்புப் பிள்ளைகள் "சாரே" என்று கூப்பிடுவார்கள். நாம் களரி சார் என்று வைத்துக்கொள்வோம்.

முகாம் தொடங்கும் அன்று ஒவ்வொருவரும் எழுந்து தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். மற்றவர்கள் பெயர், ஊர், படிப்பு சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள். களரி சார் 1967-ல் தொடங்குவார். அந்த வருஷம்தான் சாஸ்தாங்கோட்டையில் முதல் நாடகக் களரி கூடியது. ஜி. சங்கரப் பிள்ளையும் சி.என். ஸ்ரீகண்டன் நாயரும் முன்னின்று நடத்தினார்கள். சம்பிரதாய நாடகமும் புரொஃபஷனல் கம்பெனியும் போதாது, எழுதுகிறவனும் நடிக்கிறவனும் ஒரே கூரைக்குக் கீழே இருந்து பயில வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். மறுவருஷம் கூத்தாட்டுக்குளத்தில் ஸ்ரீகண்டன் நாயர் 'தனது நாடகவேதி', அதாவது நமக்கே உரிய நாடக அரங்கு, என்ற கொள்கையை முன்வைத்தார். காந்திகிராமத்தில் இருந்த நம்முடைய செ. ராமானுஜமும் சங்கரப் பிள்ளையோடு கைகோத்தவர்தான். தமிழுக்கு அந்தக் காற்று வந்த வழிகளில் அதுவும் ஒன்று. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "அந்த முதல் களரிக்கு எனக்குப் போக முடியல்லே. நாலாங்கிளாஸ் பரீட்சையாக்கும் அப்போ" என்று முடிப்பார். குரல் உண்மையாகவே தழுதழுக்கும்.

சரி, நாடகம் என்ன? ஒரு பழைய வீடு, வயதான அப்பா, மூன்று பிள்ளைகள், முற்றத்தில் ஒரு பலாமரம். வீட்டைப் பாகம் பிரித்தாயிற்று. மரம் யாருக்கு? நல்ல கரு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முதல் முகாமிலேயே எழுதி முடித்திருந்தால் ஏதாவது வாசகசாலை ஆண்டுவிழாவில் ஏறியிருக்கும், பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் தங்கள் பலாமரத்தைப் பற்றிச் சண்டை போட்டிருப்பார்கள்.

ஆனால் முகாமுக்கு முகாம் ஆசிரியர் மாறுவார். நாட்டார் கலையில் ஊறிய ஒருவர் வந்து, நம் மண்ணின் தாளம் எங்கே என்று கேட்டார். காவாலம் நாராயணப் பணிக்கரின் 'அவனவன் கடம்பா'வை அரவிந்தன் மரத்தடியில், திறந்தவெளியில் மேடையேற்றிய கதையையும் சொன்னார். அடுத்த வாரமே பலாமரம் படயணிக் கோலம் கட்டிக்கொண்டு ஆடத் தொடங்கியது. பிறகு வந்தவர் பிரெக்ட் பக்தர். மரம் கோலத்தைக் கழற்றிவிட்டு முன்னால் வந்து, கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தை அவையோருக்கு விளக்கியது. அவருக்கும் பின்னால் வந்தவர் பிரேசில்காரர் அகஸ்டோ போவாலின் வழியில் பழகியவர். மரம் யாருக்கு என்பதை அவையே மேடையேறி நடித்துக் காட்டட்டும் என்றார். கேரளத்து அவையிடம் இப்படிக் கேட்கலாமா? மூன்று கட்சிக்காரர்களும் ஏறினார்கள். இறங்கத்தான் ஆளில்லை. ராத்திரி பத்து மணிக்கு வாட்ச்மேன் சாவியைக் குலுக்கியபோது, மரத்தைப் பற்றி ஆராய ஒரு சப்கமிட்டி போடலாம் என்ற அளவில் உடன்பாடு ஏற்பட்டது. கடைசியாக வந்த இளைஞர் உடல்மொழிக்காரர். வசனமே வேண்டாம் என்றார். அப்பாவும் பிள்ளைகளும் போய், இப்போது மேடையில் மரம் மட்டும் நிற்கிறது. அதுவும் பேசாது.

ஆசிரியர்களைக் குறை சொல்ல வரவில்லை. தங்களுக்குத் தெரிந்த நாடகத்தைத்தான் எவரும் கற்றுத்தர முடியும். மாணவன்தான் ஒரு கட்டத்தில் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். முப்பது வருஷம் மேலதிகாரியின் குறிப்புப்படி வரைவைத் திருத்தியே வளர்ந்த கைக்கு அது எப்படி வரும்? எவர் எது சொன்னாலும் கோப்பில் ஏற்றிவிடுவார்.

கோப்புப் பழக்கம் வசனத்திலும் உண்டு. வசனம் இருந்த காலத்துப் படி ஒன்றில் அப்பா மூத்த மகனிடம் இப்படிப் பேசுகிறார்: "மேற்படி பலாமரம் தொடர்பாக உன் கருத்தை மூன்று தினங்களுக்குள் தெரிவிக்கவும்." மகன் சொல்கிறான்: "பரிசீலனையில் உள்ளது." வகுப்பு சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று சாருக்குப் புரியவில்லை. அவர் வீட்டில் பேச்சே அப்படித்தானாம்.

அன்றைய ஆசிரியை மட்டும் சிரிக்காமல், பயிற்சி வகுப்புகளில் எல்லாரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "இந்த மூத்த மகனுக்கு என்ன வேணும் சாரே?"

"டிரான்ஸ்ஃபர்."

"பலாமரம் இல்லையா?"

"அவன் காசர்கோட்டிலே கிடக்கான் பாவம். திருவனந்தபுரத்துக்கு மாற்றல் வந்தாத்தானே மரத்திலே காய் பறிக்க முடியும்?"

ஆசிரியை கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அதை அப்படியே எழுதுங்கள் என்றார். எழுதியிருந்தால் நாடகம் பிழைத்திருக்கும். ஆனால் மறுநாள் ஹர்த்தால், வகுப்பு இல்லை. அதற்கடுத்த வாரம் படயணிக்காரர் வந்துவிட்டார்.

வீட்டம்மாவுக்கு இந்தக் கலை வரலாறு எதுவும் வேண்டாம். "சவத்தை ஒரு ராத்திரி முழிச்சிருந்து எழுதித் தொலைச்சிருங்களேன்" என்பது அவருடைய நிரந்தரத் தீர்மானம். அவருக்கு ஆதாரமும் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் அபிமன்யு நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக ஒரே ராத்திரியில் எழுதி முடித்ததை அவ்வை டி.கே. சண்முகம் தம் நாடக வாழ்க்கை நூலில் பதிவு செய்திருக்கிறார். அந்தச் சண்முகம் இந்த ஊர்ப் புத்தன்சந்தையில் பிறந்தவர். 1918-ல் சுவாமிகளின் பால சபையில் சேர்ந்தபோது சின்னஞ்சிறு பையன். சொந்த ஊர்க்காரரே சாட்சி சொல்லும்போது மறுக்க முடியுமா? களரி சார் மறுக்கவில்லை. "சுவாமிகளுக்கு ராத்திரி முழிச்சா காலையிலே பாடம் கேக்க அம்பது பையன்கள் ரெடியா நிப்பான்கள். எனக்கு யாரு நிக்கா? நீ நிப்பியா?" என்று கேட்டார். அந்த அம்மாள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். கேள்வியில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

சாரின் கட்சிக்கு வேறொரு சாட்சியும் உண்டு. அவரும் இந்த ஊரில் வாழ்ந்தவர்தான். தத்துவப் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை. 1891-ல் 'மனோன்மணியம்' அச்சாயிற்று. லிட்டன் எழுதிய ஆங்கிலக் கதைப்பாட்டைத் தழுவி, ஐந்து அங்கமாக, செய்யுளில் எழுதியது. மேடையை நினைத்து எழுதியதல்ல, படிப்பதற்கே. "முகப்புப் பாட்டை ஒரு நாடே எழுந்து நின்னு கேக்குது. நாடகத்தை உக்காந்து பாத்தவன் எத்தனை பேரு, சொல்லும்" என்பார். 1970-ல் தமிழ்நாடு அரசு அந்த வாழ்த்துப் பாட்டின் பகுதியைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக எடுத்துக்கொண்டதைத்தான் சொல்கிறார். அதிலிருந்து ஒரு பாடமும் படித்திருக்கிறார். பலாமர நாடகத்தில் இன்றுவரை திருத்தப்படாத ஒரே பகுதி கடவுள் வாழ்த்து.

வகுப்பு முடிந்ததும் சபை தம்பானூர் இந்தியன் காபி ஹவுசுக்கு நகரும். லாரி பேக்கர் கட்டிய செங்கல் சுருள், படிக்கட்டே இல்லாமல் சரிந்து சரிந்து மேலே போகிறது. பீட்ரூட் வைத்த மசால்தோசையை ஒதுக்கிவிட்டு சார் நடிகர் பரத் கோபியின் கதையைத் தொடங்குவார். மின்வாரியத்தில் குமாஸ்தா. சங்கரப் பிள்ளையின் பிரசாதனா லிட்டில் தியேட்டரில் நடித்துப் பழகி, 'கொடியேற்றம்' படத்துக்குத் தேசிய விருது வாங்கியவர். "குமாஸ்தாதானே? நான் அவரைவிட ரெண்டு கிரேடு மேலேயாக்கும்" என்று சொல்லி, பில்லை அவரே எடுத்துக்கொள்வார். இளைஞர்கள் அவரை விடாமல் வைத்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

முக்கியமான காரணம் வேறு. புது நாடகத்துக்கு முதல் வாசிப்பு என்று ஒன்று வேண்டும். எழுதியவர் தாளை மடியில் வைத்துக்கொண்டு நடுங்க, மற்றவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை உரக்கப் படிப்பார்கள். தாளில் நன்றாக இருந்தது வாயில் ஒட்டாமல் போவது அங்கேதான் தெரியும். அந்த வட்டத்தில் களரி சாரை மிஞ்ச ஆளில்லை. பாட்டி, போலீஸ்காரன், கைக்குழந்தை, எது கொடுத்தாலும் படிப்பார். அதைவிடக் காது.

சாலைக் கடைத்தெருவில் துணிக்கடை விற்பனைப் பெண்களைப் பற்றி ஒரு பெண் எழுதிக்கொண்டு வந்தாள். நாள் முழுக்க நிற்கிறவர்கள். கோழிக்கோட்டில் தொடங்கிய உட்காரும் உரிமைப் போராட்டமும், 2018-ல் கேரளம் கடைச் சட்டத்தைத் திருத்த இறங்கியதும், 2021-ல் தமிழ்நாடு அதே வழியில் வந்ததும் பின்னணி. மேடையில் ஒரே ஒரு ஸ்டூல். படித்து முடித்ததும் ஆளாளுக்கு அரசியல் பேசினார்கள். சார் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "மூணாம் பக்கத்திலே ஸ்டூல் வந்தாச்சு. பன்னெண்டாம் பக்கம் வரைக்கும் அதிலே யாரு இருந்தா? பதிவு இல்லையே" என்றார். அந்தப் பெண் தாளைப் புரட்டினாள். யாருமே உட்காரவில்லை. அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது, அதுதான் தன் நாடகம் என்று. கடைசிப் பக்கத்தில் கதாநாயகி உரிமையைப் பற்றி முழங்கும் நீண்ட பேச்சைப் பென்சிலால் வட்டமிட்டு, "இதை எடுத்திரு மோளே. ஸ்டூல் எல்லாத்தையும் சொல்லிட்டு" என்றார். அவள் எடுத்தாள்.

நாடகம் ஒரு வாசகசாலை ஆண்டுவிழாவில் ஏறியது. பின்வரிசையில் நின்றுகொண்டிருந்த விற்பனைப் பெண்கள் முடிந்த பிறகும் அசையவில்லை. நோட்டீசில் நன்றிப் பட்டியலின் அடியில் சாரின் பெயர், ஒலிபெருக்கிக்காரருக்கும் தேநீர்க்கடைக்கும் நடுவில் அச்சாகியிருந்தது. அச்சுப்பிழையோடுதான். அதைப் பென்சிலால் திருத்தி, மடித்து, கோப்பில் வைத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபோது அந்தப் பெண் ஓடிவந்து, "சாரே, உங்க பலாமரம் எப்போ?" என்று கேட்டாள்.

"அடுத்த மாசம் திருச்சூரிலே ஒரு பட்டறை உண்டு, கேட்டியா. பாவைக்கூத்துக்காரர் ஒருத்தர் வாறாராம். மரத்துக்கு நூல் கட்டினா எப்படி இருக்கும்னு ஒண்ணு பாத்துக்கிட்டு வந்திருதேன்" என்றார், குடையை விரித்துக்கொண்டே.