ஊரில் இல்லாதவனுக்குப் பேர் போடுவது எப்படி?

இறக்குவானை பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே ஒரு கொமினிகேஷன் கடை. ரீலோட், போட்டோக் கொப்பி, வேலை விண்ணப்பம், பேஸ்புக் விளம்பரம் என்று எல்லாம் நடக்கும். அரசியல் மட்டும் இலவசம். கடைக்காரத் தம்பி உலகத்தைப் போனில் பார்ப்பவர். முன்னால் பிளாஸ்டிக் கதிரையில் இருப்பவர், தோட்டத்தில் செக்ரோல் என்ற தொழிலாளர் வரவுப் பதிவேட்டை எழுதியே தலை நரைத்த கணக்கப்பிள்ளை.

தம்பி: ஐயா, இனித்தான் இருக்கு கூத்து! நம்ம சல்லிய அள்ளிக்கிட்டுப் போற வெளிநாட்டு ஓன்லைன் கம்பெனியெல்லாம் இங்க வற் வரிக்குப் பதியணும். சட்டமே வந்துருச்சு. 2025ஆம் வருஷத்து 4ஆம் இலக்கச் சட்டம்.

கணக்கப்பிள்ளை: அப்படியா? பஸ்ஸ விட்டு இறங்கி வர்றப்ப வரிசையில ஒருத்தனையும் காணலையேப்பா.

தம்பி: நேர்ல வரத் தேவையில்லைங்க. ஆபீஸ் வேணாம், ஆள் வேணாம். படம், பாட்டு, விளம்பரம், ஆப்புன்னு இங்க உள்ளவங்களுக்குச் சேவை வித்தா, இருந்த இடத்துலேர்ந்தே உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துல பதிஞ்சு 18 சதவீதம் அறவிட்டுக் கட்டணும். இந்த நாட்டுல வசிக்காத கம்பெனிகளுக்குன்னே செஞ்ச ஏற்பாடு.

கணக்கப்பிள்ளை: வசிக்காதவனுக்குப் பதிவு! எங்கப்பா கேட்டிருந்தா சிரிச்சிருப்பாரு. 1949ல வந்த சட்டத்துல அவரு பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டவரு. கல்யாணம் கட்டினவன் ஏழு வருஷம், கட்டாதவன் பத்து வருஷம் இந்த நாட்டுலேயே இருந்தேன்னு நிரூபிக்கணும். ரெண்டு வருஷந்தான் தவணை, 1951 ஓகஸ்டோட கதவைச் சாத்திட்டாங்க. எட்டு லட்சம் பேருக்கு மேல கேட்டு, ஒண்ணரை லட்சம் பேருக்குக்கூடக் கிடைக்கல. லயத்துலேயே பொறந்து செக்ரோல்ல பேர் விழுந்தவன் வசிக்கிறேன்னா நம்பல. வசிக்கவே இல்லைன்னு தானே சொல்ற கம்பெனிக்கு வெத்திலை பாக்கு வச்சு அழைப்பு!

தம்பி: அது பழைய கதைங்க ஐயா.

கணக்கப்பிள்ளை: பழசா? எங்க பாட்டன் மண்டபம் முகாம் வழியா வந்தப்ப கையில ஒரு தகரத் துண்டு குடுத்தாங்க. மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் இலக்கம். பேரனுக்குப் பதினெட்டு வயசாச்சு, 2024 பெப்ரவரி 1லேர்ந்து அவனும் வரி இலக்கம் எடுக்கணும், எடுக்காட்டி 50,000 ரூவா தண்டம்னு சொன்னாங்க. அஞ்சு ரூவா வருமானம் இல்லாத பொடியனப்பா அவன்! தோட்டத்துப் புள்ளைங்க அத்தனையும் உன் கடை வாசல்லதானே நின்னுச்சு. பாரம் நிரப்ப ஆளுக்கு எவ்வளவு வாங்கினே?

தம்பி: அது... சேவைக் கட்டணம். ஐயா, விஷயத்த மாத்தாதீங்க. நியாயத்த மட்டும் பேசுவோம். இரத்தினபுரியில ஒருத்தன் விளம்பரக் கம்பெனி நடத்துறான், வற் பதிஞ்சவன். ஒரு லட்ச ரூவா வேலைக்கு 18,000 சேர்த்துத்தான் பில் போடணும். அதே விளம்பரத்த வெளிநாட்டுக்காரன் போட்டா அந்தக் கட்டாயம் இல்லைன்னா, யாரு கடையில யாவாரம் நடக்கும்? உள்ளூர்க்காரன் வரி கட்டியே படுத்துருவான்.

(இந்த இடத்தில் தம்பி சொல்வது சரி. கணக்கப்பிள்ளைக்கும் அது தெரியும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாரே தவிர வாயால் ஒப்புக்கொள்ளவில்லை.)

கணக்கப்பிள்ளை: சரி, பதியாட்டி என்னா செய்வே? ஜப்தி பண்ண அவனுக்கு இங்க ஒரு மேசை இருக்கா, நாற்காலி இருக்கா?

தம்பி: உலகமே செய்யுதுங்க! ஐரோப்பாவுல 2003லயே தொடங்கிட்டான். இந்தியாவுல 2016 டிசம்பர்ல சேவை வரியா வந்து, பிறகு ஜிஎஸ்டியில சேர்ந்துச்சு. அவுஸ்திரேலியா 2017, சிங்கப்பூர் 2020. பெரிய கம்பெனிக்குப் பேர்தான் சொத்து; பேர் கெட்டுப் போகும்னே பதிஞ்சிருவான்.

கணக்கப்பிள்ளை: பேருக்குப் பயந்த கம்பெனிய நான் பார்த்ததில்ல. நம்ம தோட்டங்களே ஒரு காலத்துல ஸ்டேர்லிங் கம்பெனிதானே. பதிவு லண்டன்ல, ஏஜென்சிக்காரன் கொழும்புல, மரமும் கொழுந்தும் நாமளும் இங்க. லாபம் கப்பலேறிடும். முதலாளி எப்படி இருப்பான்னு யாரும் கண்டதில்ல. 1975ல அரசாங்கம் எடுத்தப்பதான் தோட்டம் இன்ன கம்பெனியோடதுன்னே பாதிப் பேருக்குத் தெரிஞ்சுச்சு. கண்காணாத கம்பெனிக்கு உழைக்கிறதுல நமக்கு ரொம்ப வருஷப் பழக்கம் தம்பி. உனக்குத்தான் புதுசு.

தம்பி: அப்ப அவங்கிட்ட வரி வாங்க வேணாங்கிறீங்களா?

கணக்கப்பிள்ளை: வாங்கு, நல்லா வாங்கு. யாரு குடுப்பான்னுதான் கேக்குறேன். மாசம் பத்து டொலருக்குப் படம் பாக்குற என் பேத்திக்கு என்னா கணக்கு வரும்?

தம்பி: பதினொண்ணு எண்பது.

கணக்கப்பிள்ளை: அந்த ஒண்ணு எண்பதை யாரு கட்டுறா?

தம்பி: கம்பெனிதான் கட்டும்.

கணக்கப்பிள்ளை: எந்தச் சல்லியில?

தம்பி: ...பேத்தி சல்லியில.

கணக்கப்பிள்ளை: டொலர் 300 ரூவான்னு வச்சாலும் 540. 2024ல சம்பள நிர்ணய சபை போட்ட நாட்சம்பளம் 1,350. அரை நாள் கொழுந்துல கொஞ்சம் குறையும். கம்பெனிக்கு வரி, எங்க வீட்டுக்குக் கணக்கு!

தம்பி: எல்லா வற் வரியும் அப்படித்தாங்க ஐயா, கடைசியில வாங்குறவன்தான். கேஸ் சிலிண்டருக்கும் அப்படித்தானே?

கணக்கப்பிள்ளை: நல்ல வேளை ஞாபகப்படுத்தினே. 2024 ஜனவரி 1ஆம் தேதி, 15ஆ இருந்த வரி 18 ஆச்சு. இல்லாதிருந்த கேஸுக்கும் போனுக்கும் விழுந்துச்சு. விடிஞ்சு எழும்புறப்ப விலை மாறியிருந்துச்சு. இந்தக் கம்பெனிகளுக்கு எப்பத் தொடக்கம்?

தம்பி: 2025 ஒக்டோபர் 1ன்னாங்க. அப்புறம் 2026 ஏப்ரல் 1க்குத் தள்ளி வச்சாங்க. ஆயத்தம் பண்ண நேரம் குடுக்க வேணாமா?

கணக்கப்பிள்ளை: ஆறு மாசம்! காலையில ஆள் எண்ணுற பிரட்டுக்கு அரை மணி பிந்தி வந்தவளை அன்னைக்குப் பேர் இல்லைன்னு நானே திருப்பி அனுப்பியிருக்கேன். புள்ளைக்குக் காய்ச்சல்னா. நேரம் தவறக் கூடாதுன்னு துரை சொல்லியிருந்தாரு. அவளும் ஆயத்தமாகத்தான் நேரம் கேட்டா. ஏப்ரல் ஒண்ணா? நாள் பார்த்துத்தான் குறிச்சிருக்காங்க.

தம்பி: நக்கல் வேணாங்க. (போனைத் தட்டிக்கொண்டே) இந்தா, உங்க பேத்தி ஓடர் பண்ணின பார்சல் வந்திருக்கு. சீனாவுலேர்ந்து.

கணக்கப்பிள்ளை: இதுக்கும் அந்தச் சட்டமா?

தம்பி: இல்லைங்க, இது சாமான். சாமான்னா துறைமுகத்துலேயோ விமான நிலையத்துலேயோ சுங்கம் பாத்துக்கும். புதுச் சட்டம் கண்ணுக்குத் தெரியாத சேவைக்கு.

கணக்கப்பிள்ளை: விலாசத்துல உன் கடைப் பேர் போட்டிருக்கே?

தம்பி: உங்க லயத்துக்கு என்னா விலாசம் இருக்கு? தோட்டப் பேரும் டிவிஷனும் போட்டா கொண்டு வர்றவன் தோட்டத்து ஆபீஸ்லேயே போட்டுட்டுப் போயிருவான். அதனால முக்கால்வாசிப் பார்சல் என் பேர்லதான் வருது.

கணக்கப்பிள்ளை: ஆக, கம்பெனிக்கு இங்க விலாசம் தேவையில்ல, பதியலாம். எனக்கு இங்க விலாசம் இல்ல, பார்சலே வராது. நீ நடுவுல இருந்து ரெண்டு பேருக்கும் சேவை செய்யுறே.

தம்பி: சேவைதாங்க! அதுக்குத்தானே நான் இருக்கேன்.

கணக்கப்பிள்ளை: எல்லாருமா பதியணும், அந்தக் கம்பெனிகள்ல?

தம்பி: இல்லைங்க. வருஷத்துக்கு 60 மில்லியன் ரூவாவுக்கு மேல, இல்லாட்டி மூணு மாசத்துக்கு 15 மில்லியனுக்கு மேல விக்கிறவனுக்குத்தான் வர்த்தமானியில போட்டிருந்தாங்க. ஆறு கோடி! நம்ம உள்ளூர்க்காரனுக்கும் அதே எல்லைதான் இருந்துச்சு. அதையும் 36 மில்லியனாக் குறைக்கப் போறதா 2026 வரவு செலவுத் திட்டத்துல அறிவிச்சாங்க. எல்லாரும் கணக்குல வரணும் ஐயா. யாரா இருந்தாலும் கணக்குக் காட்டணும். இல்லாட்டி நாடு முன்னேறாது.

கணக்கப்பிள்ளை: நல்லாச் சொன்னே. பார்சலுக்கு உன் கூலி எவ்வளவு?

தம்பி: 200 தாங்க.

கணக்கப்பிள்ளை: இந்தா. போன கிழமை எடுத்த போட்டோக் கொப்பிக் காசும் இதுலேயே இருக்கு. ரெண்டுக்கும் சேர்த்து ஒரு பில் எழுதிக் குடு.

தம்பி: பில்லா? ...ஐயா, பில் புத்தகம் அச்சுக்குக் குடுத்திருக்கேன். ஏப்ரல்ல வந்துரும்.