சட்டப்படி நண்பர்கள்

2008-இல் பரிமாற்ற மாணவனாக ஸ்வீடனின் உப்சாலாவில் போய் இறங்கியபோது, அந்த ஊரில் நண்பர்கள் வைத்துக்கொள்வது சட்டப்படி கட்டாயமாக இருந்தது. கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப இல்லை. 1477-இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் அங்கிருக்கும் 13 ‘நேஷன்’களில் ஏதாவதொன்றில் உறுப்பினராக இருந்தாக வேண்டும் என்பது அப்போதைய விதி. பதினேழாம் நூற்றாண்டில் தொலைவிலிருந்து படிக்க வந்த பையன்கள் தங்கள் மாகாணத்து ஆட்களோடு ஒட்டிக்கொண்டதில் பிறந்தவை இவை. சென்னையில் இருக்கும் ஊர்க்காரர் சங்கங்களைப் போலத்தான். என்ன, இந்தச் சங்கங்களில் மதுக்கூடமும் நடனக்கூடமும் உண்டு. ஸ்மோலாந்து, வெர்ம்லாந்து, கோத்லாந்து என்று பெரும்பாலானவற்றுக்கு மாகாணப் பெயர். மதுரைக்காரன் எதில் சேர்வது? எதில் வேண்டுமானாலும் சேரலாம் என்றார்கள். எந்த வாசலில் வரிசை சின்னதாக இருந்ததோ, அந்த மாகாணத்துக்காரன் ஆனேன்.

‘ராத்திரியில் ஊர் சுற்றாதே’ என்பது வீட்டார் சொல்லி அனுப்பிய ஒரே புத்திமதி. டிசம்பரில் அங்கே பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே சூரியன் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்தக் கணக்கில் நான் வகுப்புக்குப் போனதே ராத்திரியில் ஊர் சுற்றியதுதான்.

நடனக்கூடத்தில் நட்பு வளரும் என்று யார் கண்டுபிடித்தார்களோ, அவருக்குக் காது கேட்காது என்று நினைக்கிறேன். எந்த நாடு, என்ன படிப்பு, எப்போது திரும்புகிறாய்: கேட்பதற்கு இந்த மூன்று கேள்விகள்தான். அவற்றையும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். ‘மதுரை’ என்று நான் கத்தியது ஒரு ஜெர்மானியப் பெண்ணின் காதில் ‘மாட்ரிட்’ என்று விழுந்திருக்கிறது. அந்தப் பருவம் முடியும்வரை அவள் எனக்கு ஸ்பானிய மொழியில்தான் வணக்கம் சொன்னாள். நானும் ஸ்பானியத்திலேயே பதில் வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

‘காஸ்க்’ என்ற விருந்துதான் பெரிய சோதனை. கோட்டு போட்டுக்கொண்டு, பெயர் எழுதி வைத்த நாற்காலியில் உட்கார வேண்டும். ஆளுக்கொரு பாட்டுப் புத்தகம். முட்கரண்டியை வாய்வரை கொண்டுபோகும்போது ஒருவர் எழுந்து அடுத்த பாட்டை அறிவிப்பார். பாட்டு முடிந்ததும் கோப்பையைத் தூக்கிப் பக்கத்தில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும், குடிக்க வேண்டும், குடித்துவிட்டு மறுபடி கண்ணைப் பார்க்க வேண்டும். நான்கு வருடம் ஒரே வகுப்பில் இருந்த பெண்களின் செருப்பை மட்டுமே அடையாளம் தெரிந்தவன் நான். பழச்சாறு குடிப்பதற்கு இவ்வளவு துணிச்சல் தேவைப்படும் என்று எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் ஒரு கொரியப் பெண். அவளுக்கும் ஸ்வீடிஷ் ஒரு வரி புரியவில்லை என்பது இரண்டாவது பாட்டில் தெரிந்தது. அதன் பிறகு இருவரும் மிகுந்த உணர்ச்சியோடு பாடினோம்.

ஃப்ளோக்ஸ்டா என்ற மாணவர் குடியிருப்பில் இன்னொரு வழக்கம். இரவு பத்து மணிக்கு ஜன்னலைத் திறந்துகொண்டு ஆளாளுக்கு ஊளையிடுவார்கள். மொழி தெரியாதவனும் தயக்கமின்றிக் கலந்துகொள்ளக்கூடிய கலாசார நிகழ்ச்சி அது ஒன்றுதான். ஆனால் யார் கத்தினார்கள் என்று தெரியாது; கத்தியவரோடு எப்படிச் சிநேகம் பிடிப்பது?

கடைசியில் எனக்கு ஆட்கள் கிடைத்தது பாத்திரம் கழுவுமிடத்தில். நேஷன்களை நடத்துவதே மாணவர்கள்தான். சமைப்பது, பரிமாறுவது, வாசலில் கோட்டு வாங்கி மாட்டுவது எல்லாமே அவர்கள். அங்கே எனக்கு ஒரு ஃபின்லாந்துக்காரனோடு ஜோடி போட்டார்கள். அவன் பேசமாட்டான், எனக்கும் அது வசதியாக இருந்தது. உள்ளே ஊரே ஆடிக்கொண்டிருக்க, நாங்கள் தட்டு அடுக்கினோம். மூன்றாவது வாரம் அவன் வாயைத் திறந்தான். அவனுடைய பாட்டி, அவர் வளர்த்த மாடு, அது செத்தது என்று நீளமாகப் போயிற்று. இன்றைக்கும் பிறந்தநாளுக்கு போன் செய்பவன் அவன் ஒருவன்தான். கண்ணுக்குக் கண் பார்த்துக் கோப்பை தூக்கியவர்களெல்லாம் ஃபேஸ்புக்கில் பத்திரமாக இருக்கிறார்கள்.

2010 ஜூலையில் அந்தக் கட்டாய உறுப்பினர் விதியை எடுத்துவிட்டார்கள். நட்புக்குச் சுதந்திரம் கிடைத்துவிட்டது, இனி நேஷன்களில் ஈதான் ஓட்ட வேண்டும் என்று இங்கிருந்தபடியே கணித்தேன். அப்படியெல்லாம் ஆகவில்லை. உறுப்பினர் அட்டை இல்லாவிட்டால் மலிவு விலை பீர் இல்லை. சட்டத்தைவிட அது நன்றாக வேலை செய்கிறது.

இப்போது அதே ஊரில் அக்கா மகள். 2011 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கல்விக் கட்டணம் உண்டு. பரிமாற்றத்தில் போயிருப்பதால் இவள் தப்பித்தாள். விமானம் ஏறும் முன்பே வாட்ஸ்அப் குழுவில் அவளுக்கு நண்பர்கள் தயார். நான் நூலகம் போவதாகச் சொல்லிவிட்டுப் போன இடங்களிலிருந்து அவள் தன் அம்மாவுக்கே படம் அனுப்புகிறாள். “லைட்டெல்லாம் அழகாயிருக்குடி” என்கிறாள் அக்கா. எனக்கு அந்தக் காலத்தில் புத்திமதி சொன்னதில் அக்காவுக்கும் பங்குண்டு.

அனுபவஸ்தன் என்ற உரிமையில் நானும் ஒன்று சொல்லிவைத்தேன். “ஆட்டம் பாட்டமெல்லாம் சும்மாம்மா. பாத்திரம் கழுவப் பேர் குடு. அங்கதான் மனுஷங்க கிடைப்பாங்க.”

“கேட்டுப் பாத்தேன் மாமா,” என்றாள். “இந்த மாசத்துக்கு ஆள் நிறைஞ்சுபோச்சாம். எல்லாருக்கும் ஊர்ல ஒரு மாமா இருப்பார் போல.”