மாஜிகளின் மனசாட்சி

2020 டிசம்பர் 1, வெள்ளை மாளிகை. அதிபரின் சாப்பாட்டு அறையில் பணியாளர் ஒருவர் மேசைவிரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார். டிவிக்குப் பக்கத்துச் சுவரில் கெட்சப் வழிந்துகொண்டிருந்தது. கீழே பீங்கான் தட்டு உடைந்து கிடந்தது. தேர்தல் முடிவை மாற்றும் அளவுக்கு மோசடி எதுவும் நடக்கவில்லை என்று அட்டர்னி ஜெனரல் வில்லியம் பார் கொடுத்த பேட்டி அன்றுதான் வெளியாகியிருந்தது. அந்த ஆத்திரத்தில் ட்ரம்ப் மதியச் சாப்பாட்டைத் தூக்கிச் சுவரில் அடித்துவிட்டாராம். உள்ளே எட்டிப்பார்த்த உதவியாளர் காசிடி ஹட்சின்சன், ஒரு துண்டை எடுத்துப் பணியாளரோடு சேர்ந்து சுவரைத் துடைத்தார்.

இதை அவர் 2022 ஜூன் 28 அன்று, காங்கிரஸ் விசாரணைக் குழு முன்னால், நாடே டிவியில் பார்க்க, சத்தியம் செய்து சொன்னார். வயது 25. சாப்பாட்டை எறியவே இல்லை என்று ட்ரம்ப் மறுத்தார்.

இனி பெரியவர்களிடம் வருவோம். அந்த ஆட்சியில் அவர்களுக்குப் பஞ்சமே இல்லை. மார்பு நிறையப் பதக்கம், தலை நிறைய நரை. 'வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள், பயப்படாதீர்கள்' என்று வாஷிங்டன் பத்திரிகைகள் நாட்டைத் தட்டித் தூங்கவைத்தன. பெரியவர்களும் வாயைத் திறந்தார்கள். மாஜி ஆன பிறகு.

ஜான் போல்டனைப் பாருங்கள். தேசியப் பாதுகாப்பு ஆலோசகர். 2019இல் பதவிநீக்க விசாரணைக்குப் பிரதிநிதிகள் சபை கூப்பிட்டது, போகவில்லை. பிறகு செனட் சம்மன் அனுப்பினால் வருகிறேன் என்றார். சாட்சிகளே வேண்டாம் என்று செனட் 51-49 என்று ஓட்டுப்போட்டு விட்டது, அவருக்கும் நிம்மதி. சபையில் சொல்லாததெல்லாம் 2020 ஜூனில் புத்தகமாக வந்தது. முன்பணம் 20 லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. நம்மூரில் அப்ரூவர் ஆகிறவனுக்குக் கிடைப்பது மன்னிப்புதான். இங்கே ராயல்டி.

பாதுகாப்பு அமைச்சர் மார்க் எஸ்பர் இன்னும் பொறுமைசாலி. 2020 ஜூனில் தெருவில் திரண்ட போராட்டக்காரர்களைக் காலிலாவது சுட முடியாதா என்று அதிபர் கேட்டாராம். குடிமகனுக்கு இது எப்போது தெரிய வேண்டும்? அந்த நவம்பரில் ஓட்டுப் போடுவதற்கு முன்னால். எஸ்பரின் புத்தகம் வந்தது 2022 மே மாதம். நியாயமாகச் சொன்னால், ராணுவத்தைத் தெருவில் இறக்குவதை அவர் அப்போதே வெளிப்படையாக எதிர்த்தார். பிறகு ட்ரம்பின் ட்விட்டர் பதிவிலேயே வேலையும் போனது. அதை மதிக்கிறேன். ஆனால் அந்த ஒரு கேள்வியை மட்டும் இரண்டு வருடம் பெட்டியில் பூட்டி வைத்திருந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஜான் கெல்லியின் கதையைச் சொல்ல எனக்கே கை கூசுகிறது. மரைன் படையின் நான்கு நட்சத்திரத் தளபதி. மகன் 2010இல் ஆப்கானிஸ்தானில் செத்தான், ஆர்லிங்டனில் புதைத்தார்கள். 2017 மே மாதம் அந்தக் கல்லறைப் பக்கத்தில் நின்றுகொண்டு, இவர்களுக்கு இதில் என்ன கிடைத்தது, எனக்குப் புரியவில்லையே என்று ட்ரம்ப் கேட்டதாக 'அட்லாண்டிக்' பத்திரிகை 2020இல் எழுதியது. ட்ரம்ப் எல்லாம் பொய் என்றார். கெல்லி வாயே திறக்கவில்லை. அந்தச் செய்தியில் இருந்தவற்றை அவர் தன் பெயரில் உறுதிசெய்தது 2023 அக்டோபரில். இடையில் ஒரு தேர்தலே நடந்து முடிந்தது. கல்லறைக்குப் போய்வந்த இரண்டே மாதத்தில் அதே மனிதருக்கு வெள்ளை மாளிகைத் தலைமை அதிகாரியாகச் சேர்ந்து, 17 மாதம் அவர் வாசலைக் காத்தவரும் இவர்தான். பாசிஸ்ட் என்ற சொல்லுக்கு அகராதி சொல்லும் பொருளுக்கு ட்ரம்ப் பொருந்துகிறார் என்று நியூயார்க் டைம்ஸிடம் சொல்ல 2024 அக்டோபர் 22 வரை ஆயிற்று. ஓட்டுப்பதிவுக்கு இரண்டு வாரம். தபால் ஓட்டு விழுந்துகொண்டிருந்த நேரம். வீடு எரிந்து கூரை இறங்கும்போது, அந்த ஆள் பையில் தீப்பெட்டி இருந்ததை 2017இலேயே பார்த்தேன் என்கிறார் காவலாளி.

இவர்களிடமிருந்து பாடம் படித்தவர் ஒருவர் உண்டு. ட்ரம்ப். 2025 ஜனவரி 20, பதவியேற்ற அன்றே, தன்னை பாசிஸ்ட் என்ற தளபதி மார்க் மில்லியின் படம் பென்டகன் சுவரிலிருந்து இறங்கியது. உள்ளே இருந்துகொண்டே பெயர் போடாமல் எதிர்ப்புக் கட்டுரை எழுதிய மைல்ஸ் டெய்லர் மீது ஏப்ரலில் விசாரணைக்கு உத்தரவு. அக்டோபரில் போல்டன் மீது ரகசிய ஆவண வழக்கு, குற்றமற்றவன் என்றார். இந்த முறை அமைச்சரவைக்கு ஆள் எடுத்தபோது பெரியவர்களைத் தேடவில்லை.

வில்லியம் பாரை விட்டுவிட்டேனே. சுவரில் வழிந்த கெட்சப்புக்கே காரணம் அவர் பேட்டிதான். ட்ரம்புக்குத் தன்னலம்தான் முதல், நாடெல்லாம் அப்புறம் என்று பதவியை விட்டபின் ஊர் ஊராகச் சொன்னவர். 2024 ஏப்ரலில் சிஎன்என் அவரைக் கூப்பிட்டுக் கேட்டது: செய்தியைக் கசியவிட்டவனைக் கொல்ல வேண்டும் என்று அதிபர் சொன்னாரா? அந்த வார்த்தை நினைவில்லை, மறுக்கவும் மாட்டேன், கோபம் வந்தால் அப்படித்தான் பேசுவார், செய்திருப்பார் என்று தோன்றவில்லை என்றார் பார். சரி, ஓட்டு யாருக்கு?

ட்ரம்புக்குத்தான் என்றார்.