மடி கட்டிய படகு

புரோக்கர் விலையைச் சொன்னதும் எனக்குத் தோன்றியது, “இவ்வளவு மலிவா!” என்பதுதான். பழைய மோட்டார் யாட் வாங்கிக் கெட்டவர்கள் அத்தனை பேருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியதாம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் இருப்பது ஃபுளோரிடாவில், ஃபோர்ட் லாடர்டேல் பக்கம். ‘அமெரிக்காவின் வெனிஸ்’ என்று அந்த ஊருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. எங்கு திரும்பினாலும் கால்வாய். மணப்பாறைப் பக்கத்தில் எங்கள் ஊரில் கொல்லையில் மாடு கட்டியிருப்பதைப் போல, இங்கே கொல்லையில் படகு கட்டியிருக்கிறார்கள். மாடாவது பால் கொடுக்கும். இது நின்ற இடத்தில் நின்றே தின்னும். 22 வருடங்களாக இதையெல்லாம் பார்த்தும் பார்க்காமல் இருந்தவனுக்கு, 58 வயதில் திடீரென்று ஆசை வந்துவிட்டது.

வீட்டில் விளம்பரத்தைக் காட்டினேன். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தாள்.

“சமையல்கட்டுக் குழாய் ஒரு வருஷமா ஒழுகுது. அதுக்கு ஒரு வாஷர் மாத்த உங்களுக்கு நேரமில்ல. இதுல ஒழுகுற படகு வேறயா?”

“படகு ஒழுகாது.”

“அப்ப தண்ணி இறைக்கிற பம்பு மூணு இருக்குன்னு எதுக்குப் போட்டிருக்கான்?”

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

என் துணிச்சலுக்குக் காரணம் தாத்தா. மணப்பாறைச் சந்தையில் அவரை ஏமாற்றி மாடு விற்றவன் இல்லை என்பது எங்கள் குடும்பத்தின் ஒரே வீர வரலாறு. சின்ன வயதில் அவரோடு போயிருக்கிறேன். பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். தரகர் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை சொன்னால், கேட்காதவர் போல வானத்தைப் பார்ப்பார். பசு என்றால் கூடுதல் கவனம். விற்பவர்கள் இரண்டு வேளை கறக்காமல் மடி கட்டிக் கொண்டுவருவார்கள். பார்ப்பவனுக்கு மடி குடம் போலத் தெரியும். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் மறுநாள் அரைப்படிதான். “மாட்டை மட்டும் பாக்காதடா. முடிஞ்சா அது நின்ன தொழுவத்தைப் போய்ப் பாரு. அங்க எல்லாம் தெரிஞ்சிரும்” என்பார்.

அந்த ரத்தம்தான் என் உடம்பிலும் ஓடுகிறது என்ற தெம்பில் முதல் படகைப் பார்க்கப் போனேன். அதில் இருந்தவை இரண்டு 6-71 என்ஜின்கள். 1938-இல் வந்த ரகம். ஆறு சிலிண்டர், சிலிண்டருக்கு 71 கன அங்குலம், பெயரே ஜாதகம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையைக் கரையில் இறக்கிய படகுகளில் ஓடியது இந்த ரகம்தான். டூ-ஸ்ட்ரோக் டீசல். ஸ்டார்ட் செய்தபோது, போர் முடிந்துவிட்டது என்று அதற்கு யாரும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்று புரிந்தது. என்ஜினுக்கு அடியில் கறுப்பாக எண்ணெய் தேங்கியிருந்தது. கேட்டேன். விற்பவர் பெருமையாகச் சொன்னார்: “அடியில் எண்ணெய் இல்லையென்றால் உள்ளேயும் எண்ணெய் இல்லை என்று அர்த்தம்.” அந்த என்ஜினின் ரசிகர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் பேச்சாம் அது. குறையையே குணமாக்கும் இந்த வித்தையை நான் கல்யாணத் தரகர்களிடம் மட்டும்தான் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது படகில்தான் விழுந்தேன். 42 அடி நீளம், 1978-ஆம் வருடக் கட்டுமானம், சிங்கப்பூரில் செய்தது. அமெரிக்கர்கள் வாங்கிய இந்த ரகப் படகுகளில் பல அந்தக் காலத்தில் ஹாங்காங், சிங்கப்பூர், தைவான் பட்டறைகளிலிருந்து வந்தவை. இதற்கு இங்கே ‘ட்ராலர்’ என்று பெயர். ராமேஸ்வரத்தில் ட்ராலர் மீன் பிடிக்கும். இங்கே ட்ராலர் ஆள் பிடிக்கிறது. வேகம் மணிக்கு ஏழெட்டு கடல்மைல். சைக்கிளில் போகிறவர் கையசைத்துவிட்டு முந்திப் போகலாம்.

புரோக்கர் மேல்தளத்தைக் காட்டி, “எல்லாம் தேக்கு” என்றார். தேக்கு என்றால் தமிழனுக்குப் புத்தி மழுங்கும். பாட்டி வீட்டு ஊஞ்சல், கதவு நிலை எல்லாம் கண்முன் வந்து போயின. அடியில் இருப்பது ஃபைபர் என்பதும், அதன்மேல் தேக்குப் பலகையை நூற்றுக்கணக்கான திருகாணிகளால் முடுக்கியிருப்பதும், ஒவ்வொரு திருகாணியும் ஒரு ஓட்டை என்பதும், ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் இறங்கித் தளத்தின் உள்கட்டையை ஊறப்போடும் என்பதும் அப்போது தெரியாது. ஊஞ்சலுக்கு இந்த ஆபத்து இல்லை.

முன்பணமாகப் பத்து சதவீதம் கட்டினேன். பரிசோதனை திருப்தியாக இல்லாவிட்டால் அது திரும்ப வந்துவிடும். பரிசோதனைச் செலவு மட்டும் வாங்குபவனுடையது. நம் ஊரில் பெண் பார்க்கப் போனால் பஜ்ஜி, சொஜ்ஜி பெண் வீட்டுச் செலவு. இங்கே அதையும் மாப்பிள்ளைதான் வாங்கிக்கொண்டு போகவேண்டும்.

பரிசோதிப்பவருக்கு இங்கே சர்வேயர் என்று பெயர். எனக்குத் தெரிந்த சர்வேயர் சங்கிலி பிடித்து நிலம் அளந்து, பங்காளிகளைக் கோர்ட்டுக்கு அனுப்புகிறவர். இவர் படகுக்கு வைத்தியர். கூலி, ஜவுளிக்கடை மாதிரி அடிக்கணக்கில். 42 அடியை அன்றுதான் முதல்முறையாக நீளம் என்று உணர்ந்தேன். அவர் உடம்பைத்தான் பார்ப்பாராம். என்ஜினைப் பார்க்க வேறொருவர் வரவேண்டுமாம். பல்லுக்கு ஒரு டாக்டர், கண்ணுக்கு ஒரு டாக்டர் என்று ஆகிவிட்ட காலம்.

படகைப் பெரிய வார்களில் தூக்கிக் கரையில் நிறுத்தினார்கள். உடம்பு வைத்தியர் சின்னச் சுத்தியலால் அடிப்பாகத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. தேங்காய்! கடையில் ஒரு தேங்காயைத் தட்டியே முற்றலா இளசா என்று சொல்கிற பரம்பரை நாம். ‘டொக்’ என்று கணீரென ஒலித்தால் நல்லது. ‘பொத்’ என்று சொத்தையாக ஒலித்தால் உள்ளே அடுக்குப் பிரிந்திருக்கிறது. நானும் ஒரு பக்கம் தட்டிக்கொண்டே போனேன். “அது சுக்கான். அதை விட்டுவிடுங்கள்” என்றார்.

என்ஜின் வைத்தியர் எழுபதைத் தொட்ட மனிதர். பேச்சு குறைவு. படகில் ஏறியதும் வணக்கம்கூடச் சொல்லாமல் நேரே என்ஜின் அறைக்குள் இறங்கினார். கருவி எதையும் எடுக்கவில்லை. இரண்டு என்ஜின்களின்மேலும் உள்ளங்கையை வைத்தார், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கும் தாய் போல. கையை எடுத்தார். “யார் இதை ஓட்டினது?”

புரோக்கர் சிரித்தார். “நீங்கள் வருகிறீர்களே என்று காலையில் கொஞ்சம் சூடுபடுத்தி வைத்தோம்.”

“நாளைக்கு வருகிறேன். அதுவரை யாரும் சாவியைத் தொடக்கூடாது.” பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு மெய்சிலிர்த்தது. மடி கட்டியிருக்கிறார்கள்! டீசல் என்ஜினுக்குள் தீப்பொறி கிடையாது. காற்றை நசுக்கி வரும் சூட்டில்தான் டீசல் பற்றவேண்டும். உள்ளே தேய்ந்துபோன என்ஜினுக்கு அந்த நசுக்கல் போதாது. குளிர்ந்திருக்கும்போது முக்கி முனகித்தான் எழும். ஒருமுறை சூடேற்றிவிட்டால் அதே என்ஜின் பள்ளிக்கூடப் பிள்ளை போல “உள்ளேன் ஐயா” என்று எழுந்து நிற்கும். அதனால்தான் விடியற்காலை இருமல் தெரியாமல் மறைத்து, பத்து மணிக்கு நமக்குக் காட்டுகிறார்கள்.

மறுநாள் உண்மை வெளிவந்தது. இருந்தவை ஆறு சிலிண்டர் ஃபோர்டு லேமன் என்ஜின்கள், தலைக்கு 120 குதிரைச் சக்தி. பிறப்பில் இங்கிலாந்து லாரி. பிறகு கடலுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டது. நிதானமானது, நீண்ட ஆயுள் உள்ளது என்று பெயரெடுத்த ஜாதி. முதல் என்ஜின் தொட்டவுடன் எழுந்தது. இரண்டாவது, திங்கட்கிழமைக் காலை என்னைப் போல எழுந்தது. பின்னால் வெள்ளைப் புகை.

புகைக்குப் பலன் உண்டு, பல்லி விழுந்த பலன் போல. கறுப்பு என்றால் டீசல் அதிகம், அல்லது காற்றோ பலமோ போதவில்லை. நீலம் என்றால் எண்ணெயை எரிக்கிறது. வெள்ளை என்றால் டீசல் எரியாமல் வருகிறது, இல்லாவிட்டால் தண்ணீர் புகுந்து ஆவியாகிறது. முதல் என்ஜினின் வெள்ளைப் புகை சீக்கிரம் அடங்கியது. இரண்டாவது பத்து நிமிடம் சாம்பிராணி போட்டது.

கடலுக்குக் கொண்டுபோய் முழு வேகத்தில் விரட்டினார். நிமிடத்துக்கு 2500 சுற்று எட்டவேண்டும். எட்டாவிட்டால் புரொப்பல்லர் பொருத்தமில்லை, அடியில் பாசி, அல்லது என்ஜினுக்கு மூச்சில்லை. கொரோனா காலத்தில் நம் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அதைப் போன்ற ஒன்றால் என்ஜினின் ஒவ்வொரு பாகத்துக்கும் காய்ச்சல் பார்த்தார். நான் அந்த நேரத்தில் புரொப்பல்லர் தண்டு வெளியே போகிற இடத்தில் தண்ணீர் சொட்டுவதைக் கண்டுபிடித்து, “ஒழுகுது!” என்று கத்தினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழத்தான் வேண்டும். அதுதான் தண்டைக் குளிர்விக்கிறது. சொட்டாவிட்டால் கூப்பிடுங்கள்.” ஒழுகுவதற்கென்றே கட்டிய படகு. இதை மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். சொல்லவில்லை.

பிறகு ரத்தப் பரிசோதனை. எண்ணெயை உறிஞ்சிக் குப்பியில் அடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். இரும்பு கூடியிருந்தால் தேய்மானம். சோடியம் இருந்தால் கடல்நீர் உள்ளே போயிருக்கிறதோ என்று சந்தேகம். என் ரிப்போர்ட்டிலும் உப்புதான் பிரச்சினை என்பதால் எனக்கு என்ஜின்மேல் தனிப் பாசம் வந்தது. ஆனால் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து ஜோசியம் சொல்ல மாட்டேன் என்றார். வருடா வருடம் எடுத்திருந்தால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். ஓடிய மணிக்கணக்கு மிகக் குறைவு என்று புரோக்கர் பெருமைப்பட்டதற்கும் அவர் மசியவில்லை. “ஓடித் தேய்ந்த டீசலைவிட ஓடாமல் துருப்பிடித்த டீசல்தான் அதிகம்” என்றார்.

கடைசியில்தான் தாத்தாவின் தொழுவத்துக்கு வந்து சேர்ந்தோம். இந்த ரக என்ஜினின் டீசல் பம்புக்குத் தனியாக எண்ணெய் உண்டு. ஒன்றிரண்டு டம்ளர்தான். டீசல் கசிந்து கலந்து அது நீர்த்துப்போகும் என்பதால் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். முதல் என்ஜினின் பம்பில் எடுத்த எண்ணெய் தேன் போல இருந்தது. இரண்டாவதில் எடுத்தது, சுட்ட எண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்தது போல.

ஒரே படகு, ஒரே முதலாளி, ஒரே வயது. ஏன் இப்படி? வைத்தியர் டார்ச்சைச் சுற்றிக் காட்டினார். இரண்டும் ஒரே அச்சில் வார்த்த ஜோடி. ஆகவே ஒன்றில் நடைபாதையைப் பார்த்திருக்கும் பம்பு, மற்றதில் படகின் சுவரைப் பார்த்திருக்கும். அதை எட்ட, என்ஜினுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில் படுத்து, ஒருக்களித்து, ஒரு கையை மட்டும் நீட்டவேண்டும். மேலே எட்டிப் பார்த்தேன். படகுக்காரர் நாற்காலி நிறைய உட்கார்ந்து ஐஸ் காபி குடித்துக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு சுற்று பெரியவர். கண்ணுக்கு எட்டிய மாடு கொழுத்திருந்தது. கைக்கு எட்டாத மாடு பட்டினி கிடந்தது. படகின் சரித்திரம் முழுவதும் அந்தத் தொப்பையில் எழுதியிருந்தது.

“சரி செய்துவிடலாம். நல்ல படகுதான்” என்றார் வைத்தியர். பிறகு என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். “நீங்கள் ஒருமுறை அந்தப் பம்பைத் தொட்டுவிட்டு வாருங்கள்.”

போனேன். தலை போயிற்று. தோள் போயிற்று. மூச்சை உள்ளிழுத்து மார்பையும் அனுப்பினேன். அதற்குப் பிறகு நான் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பம்பு என் நடுவிரலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. புரோக்கரும் வைத்தியரும் ஆளுக்கொரு காலைப் பிடித்து என்னை வெளியே இழுத்தார்கள். நான் கூலி கொடுத்துக் கூப்பிட்ட பரிசோதனை அது. பரிசோதிக்கப்பட்டது யார் என்பதை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழியில், தாத்தா கடைசியாகச் சந்தைக்குப் போன நாள் ஞாபகம் வந்தது. ஜோடி மாடு பார்க்கப் போனவர் வெறுங்கையோடு திரும்பினார். “மாட்டுல என்ன குறை?” என்று பாட்டி கேட்டார். “ஒரு குறையும் இல்ல. பிடிச்சு ஓட்டத்தான் எனக்குத் தெம்பில்ல” என்றார். ஏமாறாத மனிதர் என்று அவரை ஏன் சொன்னார்கள் என்பது, என்ஜின் கிரீஸ் படிந்த சட்டையோடு காரில் உட்கார்ந்திருந்தபோது விளங்கியது.

அந்த வாரச் சனிக்கிழமை சமையல்கட்டுக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். கழற்றுவதற்கு முன், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விழுகிறது என்று கடிகாரத்தை வைத்து எண்ணினேன்.

“என்ன எண்ணுறீங்க?” என்றாள் மனைவி.

“இதெல்லாம் உனக்குப் புரியாது. சர்வே” என்றேன்.